இணைய வானொலியில் ஒலி கெடும்போது எதை முதலில் மாற்றுவது?

இணையத்தில் நேரலையாக வானொலி நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு நேயர்களிடமிருந்து வரும் புகார்களில் பெரும்பாலானவை "ஒலி சரியில்லை" என்ற இரண்டே சொற்களில் முடிந்துவிடுகின்றன. அதைக் கேட்ட மாத்திரத்தில் நிகழ்ச்சி நடத்துபவர் செய்யும் முதல் காரியம் பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி ஒலிக்குச் செலவிடும் தரவின் அளவை, உயர்த்துவதாகவே இருக்கிறது. நொடிக்கு 64 கிலோபிட்டில் போய்க்கொண்டிருந்த ஸ்ட்ரீம் (நேயருக்குத் தொடர்ந்து அனுப்பப்படும் ஒலி ஓட்டம்) 128 ஆகிறது, 128 ஆக இருந்தது 256 ஆகிறது. சில சமயம் அது பலிக்கிறது. பல சமயம் புகார்கள் கூடுகின்றன. அந்த இரண்டு சொற்களுக்குள் தன்மையில் முற்றிலும் வேறான இரண்டு கோளாறுகள் அடங்கியிருப்பதே இதற்குக் காரணம். ஒன்று, ஒலி அறுந்து அறுந்து வருவது. மற்றொன்று, அறாமல் வந்தாலும் மங்கியோ கரகரத்தோ வருவது. முன்னது பெரும்பாலும் ஒலித்தரவு பயணப்படும் பாதையின் கோளாறு; பின்னது பெரும்பாலும் மைக், ஒலிகளைக் கலக்கும் மிக்சர், ஒலியைச் சுருக்கித் தரவாக்கும் குறியாக்கம் ஆகியவற்றில் நேர்ந்த கோளாறு. பின்னதைத் தீர்க்கக்கூடிய உயர்ந்த பிட்ரேட் முன்னதை மோசமாக்கும். முன்னதைத் தீர்க்கக்கூடிய பெரிய பஃபர், அதாவது முன்கூட்டியே சேர்த்துவைக்கும் ஒலிக் கையிருப்பு, பின்னதை அணுவளவும் மாற்றாது, தாமதத்தை மட்டும் கூட்டும்.

ஆகவே கோடெக்கை, அதாவது ஒலியைச் சுருக்கும் முறையை, மாற்றுவதா, ஸ்ட்ரீமை அனுப்பும் முறையை மாற்றுவதா, ஒலியை நேயர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் சர்வர் வரையிலான இணைப்பைச் சீர்செய்வதா, நிலையத்திற்குள் ஒலி உருவாகும் இடத்தைச் சீர்செய்வதா என்ற நான்கு வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்னால், கோளாறு எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். இதற்கு விலையுயர்ந்த அளவீட்டுக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரே நிகழ்ச்சியை மூன்று இடங்களில் பதிவுசெய்தால் போதும். முதல் பதிவு, மிக்சரிலிருந்து கணினிக்குள் வரும் ஒலியைச் சுருக்காமல் வேவ் கோப்பாக எடுப்பது. இரண்டாவது, ஸ்ட்ரீமை அனுப்பும் மென்பொருளே, தான் அனுப்பும் அதே கோடெக்கிலும் அதே பிட்ரேட்டிலும் உள்ளூர் வட்டில் சேமிப்பது. இந்த வசதி பெரும்பாலான அனுப்பு மென்பொருள்களில் இருக்கிறது. மூன்றாவது, நிலையத்தின் இணைப்பைத் தொடாமல், வேறொரு இணைப்பிலிருந்து, முடிந்தால் கைபேசி இணைப்பிலிருந்து, ஒரு நேயரைப் போலவே ஸ்ட்ரீமைப் பெற்றுப் பதிவது.

முதல் பதிவிலேயே கரகரப்பு இருந்தால் பிட்ரேட்டைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மங்கியிருந்தால் குற்றம் குறியாக்கத்தில். இரண்டாவது நன்றாக இருந்து மூன்றாவது அறுபட்டால் குற்றம் பாதையில். பாதையில் என்றாலும், நிலையத்திலிருந்து சர்வர் வரையா, சர்வரிலிருந்து நேயர் வரையா என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்கும் எளிய சோதனை உண்டு: புகார் சொல்லும் நேயர்களிடம் எத்தனை மணிக்கு அறுந்தது என்று கேட்காமல், எந்த வாக்கியத்தில் அறுந்தது என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு நேயரும் வெவ்வேறு தாமதத்தில் கேட்டுக்கொண்டிருப்பதால் கடிகார நேரம் பொருந்தாது; ஆனால் எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தில் அறுந்திருந்தால் முறிவு நிலையத்திற்கும் சர்வருக்கும் இடையில்தான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோரிடத்தில் அறுந்திருந்தால் அது அவரவர் பக்கத்துப் பாதை.

கோடெக்கும் பிட்ரேட்டும்

இரண்டாவது பதிவு குற்றம் சொன்னால் இந்த வழி பொருத்தமானது. இன்றைய நிலையில் தேர்வுக்கு உள்ளவை நடைமுறையில் மூன்று: எம்பி3, ஏஏசி குடும்பம், ஓபஸ்.

எம்பி3 1990களின் தொடக்கத்தில் தரநிலையாக்கப்பட்டது. சுருக்கும் திறனில் மற்ற இரண்டுக்கும் பின்தங்கியது. ஆனால் அதைப் பாடாத கருவி கிடையாது. அதன் உரிமத் திட்டம் 2017இல் முடிவுக்கு வந்துவிட்டதால் உரிமச் சிக்கலும் இல்லை. 128 கிலோபிட் ஸ்டீரியோவில் பேச்சு குறையின்றி வரும். இசை பெரும்பாலோருக்கு ஏற்கத்தக்கதாக இருக்கும், ஏறத்தாழ 16 அல்லது 17 கிலோஹெர்ட்சுக்கு மேலுள்ள அதிர்வெண்களைப் பல குறியாக்கிகள் அந்த அளவில் வெட்டிவிடுகின்றன என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். 64 கிலோபிட் ஸ்டீரியோவுக்கு இறங்கினால் நிலைமை மாறுகிறது: கைத்தட்டலும், தாளக் கருவிகளின் கூர்மையான ஓசையும், 'ச', 'ஷ' போன்ற உரசொலிகளும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைந்துவிடும். பேச்சு நிகழ்ச்சி நடத்துபவர்கள் பலர் இங்கே கவனிக்கத் தவறுவது மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒரே ஒலித்தடம். ஒரே ஒருவர் பேசும் நிகழ்ச்சியை ஸ்டீரியோவில் அனுப்புவதால் நேயருக்குக் கிடைப்பது எதுவுமில்லை. கூட்டு ஸ்டீரியோ என்ற முறை, இரண்டு பக்கமும் ஒரேபோல் இருந்தால் அந்த இரட்டிப்பைத் தவிர்க்க முயலும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மைக்குகளை இடமும் வலமுமாகப் பிரித்துவைத்து, இரண்டிலும் அறையின் எதிரொலி வெவ்வேறு விதமாக விழும்போது, பிட்டுகளில் கணிசமான பங்கு எதிரொலியின் வேறுபாட்டைச் சுமப்பதற்கே செலவாகிறது. அத்தகைய நிகழ்ச்சியை 64 கிலோபிட் மோனோவுக்கு மாற்றினால், ஒரு கிலோபிட்கூடக் கூட்டாமல் பேச்சு தெளிவடையும்.

ஏஏசி 1997இல் வந்தது. அதன் அடிப்படை வடிவமான ஏஏசி-எல்சி, 96 கிலோபிட்டில் ஏறத்தாழ எம்பி3யின் 128க்கு ஈடு கொடுக்கும். அதன்மேல் 2003இல் தரநிலையான ஹெச்இ-ஏஏசி, உயர் அதிர்வெண்களை நேரடியாக அனுப்பாமல், தாழ் அதிர்வெண்களிலிருந்து அவற்றை மீண்டும் உருவாக்கிக்கொள்வதற்கான குறிப்புகளை மட்டும் அனுப்பும் உத்தியைச் சேர்த்தது. இதனால் 48 முதல் 64 கிலோபிட்டுக்குள் வியக்கத்தக்க அளவு நிறைவான ஒலி கிடைக்கிறது. அடுத்து வந்த இரண்டாம் பதிப்பு ஸ்டீரியோ வேறுபாட்டையும் குறிப்புகளாகவே அனுப்புவதால் 24 முதல் 40 கிலோபிட் வரையிலான மிகக் குறுகிய பாதைக்கு ஏற்றது. இவற்றுக்கு ஓர் எல்லை உண்டு: உயர் அதிர்வெண்கள் ஊகித்து உருவாக்கப்பட்டவை என்பதால், பிட்ரேட்டைத் தாராளமாகக் கொடுக்கும் நிலையில் எல்சியே மேல், 96க்கும் 128க்கும் ஹெச்இ வடிவத்தைப் பயன்படுத்துவதில் பொருளில்லை. இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எல்சியை மட்டுமே அறிந்த பழைய கருவியில் ஹெச்இ ஸ்ட்ரீம் பாடும், ஆனால் மேல்பாதி அதிர்வெண்கள் இல்லாமல் பாடும். நூறு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது ஒரே ஒருவர் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது என்று விடாமல் சொன்னால், அவர் மிகைப்படுத்துகிறார் என்று தள்ளிவிடாமல், எந்தக் கருவியில் கேட்கிறார் என்று விசாரிப்பது நல்லது.

ஓபஸ், இணையப் பொறியியல் பணிக்குழுவால் 2012 செப்டம்பரில் ஆர்எஃப்சி 6716 என்ற எண்ணில் வெளியிடப்பட்டது. 6 முதல் 510 கிலோபிட் வரை இயங்கும். உரிமக் கட்டணம் இல்லை. பேச்சுக்கென ஒரு முறையும் இசைக்கென ஒரு முறையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தரம் ஒன்றை மட்டும் பார்த்தால் மூன்றில் முதலிடம் இதற்குத்தான்: 32 கிலோபிட் மோனோவில் பேச்சு மிகத் தெளிவு, 96 கிலோபிட் ஸ்டீரியோவில் இசை மிக நேர்த்தி. ஆனால் தனிக் கருவியாக விற்கப்படும் இணைய வானொலிப் பெட்டிகள் பலவற்றுக்கும் பழைய பிளேயர்களுக்கும் அது புரிவதில்லை. ஓக் என்ற உறையில் பொதிந்து அனுப்பப்படும் ஓபஸ், ஆப்பிள் கருவிகளின் உலாவியில் நெடுங்காலம் ஒத்துழைக்காமலும் இருந்தது. கேட்கவே முடியாத நேயருக்குத் தரத்தின் உயர்வால் பயன் என்ன? ஆகவே நிலையத்தின் ஒரே ஸ்ட்ரீமாக ஓபஸைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது ஸ்ட்ரீமாகவும், விருந்தினரின் குரலை நிலையத்திற்குக் கொண்டுவரும் பாதையிலும் அதற்கு ஈடில்லை.

கோடெக் எதுவானாலும் அதைத் தோற்கடிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது: ஏற்கெனவே சுருக்கப்பட்டதை மீண்டும் சுருக்குவது. இசைத் தொகுப்பு முழுவதும் 128 கிலோபிட் எம்பி3 கோப்புகளாக இருக்கும். அவற்றை மிக்சர் வழியாகப் பாடவிட்டு 64 கிலோபிட்டில் ஸ்ட்ரீமாக்குவார்கள். சர்வரில் அதைப் பிரித்து 48க்கு மறுபடியும் குறியாக்கம் செய்வார்கள். இறுதியில் நேயரின் புளூடூத் ஹெட்போனும் தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கும். ஒவ்வொரு குறியாக்கியும் காதுக்குக் கேட்காது என்று கருதியதைத்தான் நீக்குகிறது; ஆனால் முந்தைய குறியாக்கி விட்டுச்சென்ற இரைச்சலை அடுத்தது இசையின் ஒரு பகுதியாகக் கருதிப் பிட்டுகளை அதற்கும் பங்கிடுகிறது. கடைசிப் புளூடூத் நம் கையில் இல்லை. மற்ற மூன்றும் நம் கையில்தான் இருக்கின்றன. இசைக் கோப்புகளை ஃபிளாக் போன்ற இழப்பற்ற வடிவிலோ, இயலாவிட்டால் 256 கிலோபிட்டுக்குக் குறையாமலோ வைத்துக்கொள்வதும், சர்வரில் பல பிட்ரேட்டுகளாகப் பிரிப்பதாக இருந்தால் நிலையத்திலிருந்து ஒரே ஓர் உயர்தர ஸ்ட்ரீமை அனுப்புவதும், கோடெக்கை மாற்றுவதைவிடப் பெரிய பலனைத் தரக்கூடும்.

தொடர் ஓட்டமா, துண்டு துண்டாகவா?

நேயர் பக்கத்தில் அறுபடுகிறது என்று மூன்றாவது பதிவு சொன்னால், ஒப்பிட வேண்டியவை ஐஸ்காஸ்ட், ஷவுட்காஸ்ட் ஆகிய சர்வர் மென்பொருள்களின் வகையான தொடர் ஸ்ட்ரீமும், ஹெச்எல்எஸ் வகையான துண்டு ஸ்ட்ரீமும்.

ஐஸ்காஸ்டில் நேயரின் பிளேயர் சர்வருடன் ஒரே ஒரு டிசிபி இணைப்பை (தொலைந்த தரவை மீண்டும் அனுப்பி எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்க்கும் முறை) ஏற்படுத்திக்கொண்டு, நிகழ்ச்சி முடியும்வரை அதிலேயே ஒலியைப் பெற்றுக்கொண்டிருக்கும். இணைந்தவுடன் சர்வர் கையிருப்பிலிருந்து ஒரு பகுதியைச் சட்டென அள்ளிக் கொடுத்துவிடும். அதுதான் நேயருக்குக் கிடைக்கும் மெத்தை. இயல்பு அமைப்பில் இதன் அளவு 65535 பைட்டு. இங்கேதான் பிட்ரேட்டை உயர்த்தியதும் புகார்கள் கூடுவதன் விளக்கம் இருக்கிறது. மெத்தை பைட்டுகளில் அளக்கப்படுகிறது, நொடிகளில் அன்று. 48 கிலோபிட்டில் அந்த 65535 பைட்டு ஏறத்தாழ 11 நொடி ஒலி; 128இல் 4 நொடி; 256இல் 2 நொடி. பிட்ரேட்டை இரட்டிப்பாக்கியவர், தாம் அறியாமலே, நேயரின் பாதுகாப்பைப் பாதியாக்கிவிட்டார். முன்பு 3 நொடித் தடங்கலைச் சத்தமில்லாமல் தாண்டிய கைபேசி இப்போது வாயடைத்து நிற்கும். பிட்ரேட்டை உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், சர்வர் அமைப்புக் கோப்பில் அந்த அளவையும் அதே விகிதத்தில் உயர்த்த வேண்டும். பின்தங்கும் நேயருக்காக வைத்திருக்கும் வரிசையின் அளவு, இயல்பில் 524288 பைட்டு, அதைவிடப் பெரியதாகவே இருக்க வேண்டும்.

தொடர் ஸ்ட்ரீமின் உண்மையான பலவீனம் வேறு. நேயர் வீட்டு வைஃபையிலிருந்து தெருவுக்கு இறங்கிக் கைபேசி இணைப்புக்கு மாறும்போது அவருடைய இணைய முகவரியே மாறிவிடுகிறது. பழைய டிசிபி இணைப்பு செத்துவிடும். பிளேயர் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தால் உடனே மீண்டும் இணையும், இல்லாவிட்டால் மௌனம்.

ஹெச்எல்எஸ், ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்தி, 2017இல் ஆர்எஃப்சி 8216 ஆக ஆவணப்படுத்தப்பட்ட முறை. ஒலி சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறது. 6 நொடி வழக்கமான அளவு. பிளேயர் ஒரு பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு துண்டையும் சாதாரண இணையக் கோப்பைப் போலத் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. இணைப்பு மாறினால் அடுத்த துண்டைப் புதிய இணைப்பில் கேட்கும், அவ்வளவுதான். ஒரே நிகழ்ச்சியை 32, 64, 128 என மூன்று அளவுகளில் வைத்திருந்தால், பாதையின் நிலைமைக்கேற்பப் பிளேயரே ஏறி இறங்கிக்கொள்ளும். நேயர் எண்ணிக்கை பெருகினால் சாதாரணக் கோப்பு விநியோக வலையமைப்புகளே சுமையைத் தாங்கிக்கொள்ளும். இதற்குக் கொடுக்கும் விலை தாமதம்: பிளேயர் நடப்பு முனையிலிருந்து ஏறத்தாழ மூன்று துண்டுகள் பின்னாலிருந்து தொடங்குவதால், 6 நொடித் துண்டுகளில் 18 நொடியும் அதற்கு மேலும் ஆகும். துண்டைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும். கூடவே மெத்தையும் குறையும். பழைய இணைய வானொலிப் பெட்டிகள் பல ஹெச்எல்எஸ்ஸை ஏற்பதில்லை என்பது இன்னொரு குறை.

தாமதத்தைப் பற்றி நிகழ்ச்சி நடத்துபவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். நேயரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவைக்கும் நிகழ்ச்சியில் தாமதம் 4 நொடியாக இருந்தாலும் 20 நொடியாக இருந்தாலும் அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வானொலியை அணைத்துவிட்டுத் தொலைபேசியில் மட்டும் கேளுங்கள். 4 நொடி எதிரொலியோடும் யாராலும் பேச முடியாது. விளையாட்டு வர்ணனை, உடனுக்குடன் எழுத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சி போன்ற சிலவற்றில்தான் தாமதம் உண்மையாகவே உறுத்தும். அவற்றுக்காக, உலாவி வழி நேரடி உரையாடலுக்கான வெப்ஆர்டிசி முறையைக் கைக்கொண்டு ஒரு நொடிக்குள் கொண்டுவரலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. அந்த முறையில் தொலைந்த பொட்டலத்தை (இணையத்தில் பயணிக்கும் தரவின் சிறு துண்டை) மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ள அவகாசம் மிகக் குறைவு. பிளேயர் இடைவெளியை ஊகத்தால் நிரப்பிவிட்டு நகர்ந்துவிடும். உரையாடலுக்கு அது சரி. காத்திருந்து கேட்கத் தயாராக இருக்கும் வானொலி நேயருக்கு, அவர் கேட்காத வேகத்தைக் கொடுத்து அவர் கேட்ட தெளிவைப் பறிப்பதாகவே அது முடியும்.

நிலையத்திலிருந்து சர்வர் வரை

எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தில் அறுபடுகிறது என்றால் இந்தப் பகுதியைச் சீர்செய்யாமல் வேறெதைச் செய்தாலும் வீண். இங்கே முதல் தேர்வு வைஃபையா, ஈதர்நெட் கேபிளா என்பது. இதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை, கேபிள்தான். 128 கிலோபிட் என்பது இன்றைய இணைப்புகளுக்கு அற்பமான அளவு, வேகப் பரிசோதனை 20 மெகாபிட் காட்டுகிறதே என்று கேட்கலாம். அந்தப் பரிசோதனை சராசரியைக் காட்டுகிறது. ஒலிக்குத் தேவையானது இடைவிடாமை. அதே இணைப்பில் இன்னொரு கணினி படங்களை மேகச் சேமிப்பகத்திற்கு ஏற்றத் தொடங்கினால், ரௌட்டரின் வரிசை நிரம்பி, நம் ஒலிப்பொட்டலங்கள் அதன் பின்னால் நிற்க நேரும். டிசிபியில் எதுவும் தொலைவதில்லை, ஆனால் தாமதமாக வருகிறது. தாமதம் மெத்தையைத் தாண்டினால் அறுந்ததற்குச் சமம். ஐஸ்காஸ்ட் இயல்பு அமைப்பில் 10 நொடி எதுவும் வராவிட்டால் நிலையத்தின் இணைப்பையே துண்டித்துவிடும். அந்த நேரத்தில் நேயர்களை வெளியேற்றாமல் ஒரு மாற்று ஸ்ட்ரீமுக்கு நகர்த்தி, நிலையம் திரும்பியதும் மீட்டுக்கொள்ளும் வசதி சர்வரிலேயே இருக்கிறது. மாற்று ஸ்ட்ரீமும் அதே கோடெக், அதே மாதிரி வீதம் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்ணிக்கை), அதே ஸ்டீரியோ அல்லது மோனோ அமைப்பில் இருந்தால்தான் மாற்றம் உறுத்தாமல் நடக்கும்.

சர்வரை நிலையத்திலேயே வைத்துக்கொள்வதா, வெளியே வாடகைக்கு எடுப்பதா என்பது அடுத்த தேர்வு. 128 கிலோபிட்டில் 100 நேயர்கள் கேட்டால் நிலையத்திலிருந்து 12.8 மெகாபிட் இடைவிடாமல் மேலேற வேண்டும்; 101ஆவது நேயர் தனக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் இடைஞ்சலாவார். வாடகைச் சர்வரில் நிலையம் ஒரே ஒரு ஸ்ட்ரீமை மட்டும் அனுப்பினால் போதும். உள்ளூர் வலையமைப்புக்குள் மட்டும் ஒலிபரப்பும் நிறுவன வானொலி போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, சர்வரை வீட்டில் வைப்பதற்கு நல்ல காரணம் எதையும் நான் காணவில்லை.

வெளியரங்கிலிருந்து, கைபேசி இணைப்பை நம்பி ஒலிபரப்புவோருக்கு எஸ்ஆர்டி என்ற முறை பொருந்தும். 2017இல் திறமூலமாக வெளியிடப்பட்ட இது, தொலைந்த பொட்டலங்களை நாம் நிர்ணயிக்கும் கால வரம்புக்குள் மட்டும் மீண்டும் கேட்டு வாங்கும். அந்த வரம்பை 2 நொடி என்று வைத்தால் ஆடிக்கொண்டிருக்கும் இணைப்பிலும் ஒலி நிதானமாக வரும். ஐஸ்காஸ்ட் இதை நேரடியாக ஏற்காது. லிக்விட்சோப் போன்ற ஒரு மென்பொருள் நடுவில் தேவைப்படும். நிலையான கேபிள் இணைப்பு உள்ள நிலையத்துக்கு இந்தச் சிரமம் அவசியமில்லை.

மைக்கிலிருந்து கணினி வரை

முதல் பதிவே கெட்டிருந்தால் என்ன செய்வது என்பது மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி. அனுபவத்தில் மிகுதியான கோளாறுகள் தங்கியிருப்பதும் இங்கேதான்.

சொடுக்கொலி விழுகிறதா? அது ஒழுங்கான இடைவெளியில் விழுகிறதா என்று முதலில் கவனிக்க வேண்டும். ஒழுங்கற்று விழுந்தால் கணினியின் சுமையோ யூஎஸ்பி இணைப்போ காரணமாக இருக்கலாம். ஒலி அட்டையின் பஃபரை 128 மாதிரிகளிலிருந்து 512க்கு உயர்த்துவது பெரும்பாலும் போதும், 48 கிலோஹெர்ட்சில் அது வெறும் 10.7 மில்லிநொடி. ஒழுங்கான இடைவெளியில் விழுந்தால் இரண்டு ஒலிக்கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள்: யூஎஸ்பி மைக் ஒன்றும் தனி ஒலி அட்டை ஒன்றும் ஒரே கணினியில், ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தை நம்பி ஓடும். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு என்பதும் மணிக்கு 0.18 நொடி விலகலாகும். பஃபர் நிரம்பும் அல்லது வற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சொடுக்கு. எல்லா மைக்குகளையும் ஒரே ஒலி அட்டை வழியாக எடுப்பதே இதற்குத் தீர்வு. மாதிரி வீதத்தையும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே வைக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்சில் பதிந்ததை 48 என்று தவறாக அறிவித்துப் பாடவிட்டால் ஒலி ஏறத்தாழ 8.8 சதவீதம் விரைந்து, சுருதியும் ஏறிவிடும்.

ஒலி அளவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வகுத்த −23 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவு கைபேசியில் கேட்பவருக்குத் தாழ்ந்தே தெரியும். ஒலிப் பொறியியல் சங்கம் 2015இல் இணைய ஸ்ட்ரீமுக்கென்று −16 முதல் −20 வரை பரிந்துரைத்தது. பேச்சு நிகழ்ச்சிக்கு நான் −18ஐ ஒட்டி நிற்பேன். உச்சத்தை −1 டெசிபெல்லுக்கு மேல் விடக் கூடாது, ஏனெனில் குறியாக்கத்தின்போது உச்சங்கள் சற்று உயரக்கூடும். அதிக சத்தம் வேண்டி, உச்சங்களை அமுக்கும் லிமிட்டரை அழுத்திப் பிடிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நசுங்கிய ஒலியில் தோன்றும் சிதைவு அதிர்வெண்களையும் கோடெக் சுமக்க வேண்டியிருப்பதால், 64 கிலோபிட்டில் அந்த நிகழ்ச்சி நிதானமாகக் கலக்கப்பட்ட நிகழ்ச்சியைவிட மோசமாகவே ஒலிக்கும்.

விருந்தினர் தொலைவிலிருந்து பேசும்போது தொலைபேசி, காணொலிக் கூட்ட மென்பொருள், ஓபஸ் அடிப்படையிலான உலாவி இணைப்பு என மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும்; ஆனால் அறாது. கூட்ட மென்பொருள்கள் பேச்சுக்கு நன்று, எனினும் அவற்றின் இரைச்சல் நீக்கி இசையை இரைச்சலாகக் கருதி விழுங்கிவிடும். விருந்தினர் பாடவோ வாசிக்கவோ போகிறார் என்றால் அதை முன்கூட்டியே அணைக்கச் சொல்ல வேண்டும். உலாவி இணைப்பு மூன்றிலும் தரமானது. எந்த வழியானாலும் இரண்டு நிபந்தனைகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று, விருந்தினருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் அவருடைய சொந்தக் குரல் இருக்கக் கூடாது. மிக்சரில் இதை மிக்ஸ்-மைனஸ் என்பார்கள். மற்றொன்று, அவர் புளூடூத் ஹெட்செட்டின் மைக்கில் பேசக் கூடாது. மைக் திறந்தவுடன் வழக்கமான ஹெட்செட்டுகள் அழைப்பு முறைக்கு மாறி, மாதிரி வீதத்தை 8 அல்லது 16 கிலோஹெர்ட்சுக்கு இறக்கிவிடும். பெட்டியோடு வரும் சாதாரண வயர் இயர்போன் அதைவிட மேல்.

நேரலை வேண்டுமா என்பதையும் ஒரு தேர்வாகவே கருத வேண்டும். நேயர் பங்கேற்பு இல்லாத நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிந்து, கோப்பைச் சர்வரிலேயே வைத்து அங்கிருந்து ஓடவிட்டால், நிலையத்திலிருந்து சர்வர் வரையுள்ள பாதை என்ற கட்டமே கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. விருந்தினரும் தன் பக்கத்தில் பதிந்த கோப்பை அனுப்பலாம்.

எந்த நிகழ்ச்சிக்கு எது

பேச்சை மையமாகக் கொண்ட, சில நூறு நேயர்கள் உள்ள நிகழ்ச்சிக்கு ஐஸ்காஸ்ட் வகையே போதும்: எங்கும் பாடும் முதன்மை முகவரியாக 64 கிலோபிட் எம்பி3 மோனோ, கைபேசி நேயருக்கு 32 முதல் 48 வரையிலான ஹெச்இ-ஏஏசி. 48 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்திற்கு 21.6 மெகாபைட் செலவாகும், 128இல் 57.6. கைபேசித் தரவைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் நேயருக்கு இந்த வேறுபாடு ஒலியின் மெருகைவிடப் பெரியது. இசை நிகழ்ச்சிக்கு 128 கிலோபிட் ஏஏசி-எல்சியை முதன்மையாகவும் 128 எம்பி3யைப் பழைய கருவிகளுக்கும் வைத்து, சர்வரின் மெத்தையை இரண்டு மடங்காக்க வேண்டும். நேயர்களில் பெரும்பகுதியினர் பயணத்தில் கேட்பவர்கள் என்றாலோ எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டாலோ ஹெச்எல்எஸ்ஸுக்கு மாறுவது நியாயம். அப்போதும் பழைய பெட்டிகளுக்காக ஓர் எம்பி3 முகவரியை விட்டுவைக்க வேண்டும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அடுத்த நிகழ்ச்சியில் மூன்று பதிவுகளையும் மீண்டும் எடுத்து, முந்தையவற்றோடு ஒரே ஒலி அளவில் வைத்து ஒப்பிட வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும் என்பதால், அளவைச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீடு ஏமாற்றிவிடும். ஒப்பிடுவதற்கு நிலையத்தின் மானிட்டர் ஒலிபெருக்கி ஏற்றதல்ல. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியிலும் சாதாரண இயர்போனிலும், கைபேசி இணைப்பில், நடந்துகொண்டே கேட்டுப் பார்க்க வேண்டும். நேயர்களில் கணிசமானோர் அப்படித்தான் கேட்கிறார்கள்.